தண்ணீர் எந்தப் பக்கம்

டிசம்பர் 16, திங்கள்

மார்கழி ஒன்று. நாலரைக்கே ஒலிபெருக்கி. தூக்கம் போயிற்று. எழுந்ததற்கு, வரைந்துகொண்டிருக்கிற பழவேற்காட்டு ஏரிப் படத்தையாவது பார்க்கலாம் என்று ஹாலுக்கு வந்தேன். டியூப் லைட்டில் எல்லாப் படமும் கேவலமாகத்தான் இருக்கும். இது இன்னும் கேவலம். நேற்று ராத்திரி ஈரத்தில் பனியாக இருந்தது, காய்ந்ததும் ஒரு படி இறங்கி சிமெண்ட் ஆகிவிட்டது. ஈரத்தில் பால் மாதிரி வெளுத்திருக்கும் அக்ரிலிக் பசை காய்ந்தால் கண்ணாடி. வெளுப்பு போய்விடும். இருபது வருடமாகத் தெரியும். தெரிந்தும் ஒவ்வொரு தடவையும் ராத்திரி சந்தோஷமாகப் படுக்கிறேன்.

ரவிக்கை கொக்கி போட அரை மணி நேரம். வலது தோள்.

டிசம்பர் 17, செவ்வாய்

பள்ளியில் அரையாண்டுத் தேர்வு. எனக்கு வேலை இல்லை, வரச் சொன்னார்கள், போய் உட்கார்ந்திருந்தேன். பதினொன்றாவது தடவையாக வானத்துக்குப் பூச்சு. அல்ட்ராமரைன், பர்ன்ட் அம்பர், மீதியெல்லாம் டைட்டானியம் வெள்ளை. கறுப்புக் குழாயை இந்தப் படம் முழுக்கத் திறக்கவில்லை. அது மட்டும் பெருமை.

கை தோளுக்கு மேல் போகவில்லை. வானமோ முழுக்க மேலே. படத்தைத் தலைகீழாகத் திருப்பி வைத்தேன். இப்போது வானம் இடுப்புக்கு வந்துவிட்டது, ஏரி தலைக்கு மேல். வலி இல்லை. தலைகீழாக வைத்தால் அது படகு, இது கரை என்ற நினைப்பே வராது, நிறம் மட்டும் தெரியும். ஒரு மணி நேரம் நன்றாகப் போயிற்று. ஏழு மணிக்கு என் வீட்டுக்காரர், "நியூஸ் பாக்கணும், கொஞ்சம் தள்ளு" என்றார். 36-க்கு 48 அங்குலத்தை எங்கே தள்ள. டிவியின் பாதி தெரிந்தது. பாதி நியூஸ் பார்த்தார்.

டிசம்பர் 18, புதன்

நாசம்.

நேற்றைய வெள்ளையில் தண்ணீர் அதிகம். நான் கவனிக்காமல் ஒரு சொட்டு ஓடியிருக்கிறது. தலைகீழாக வைத்திருந்தேனே, நிமிர்த்தினால் அது மேல்நோக்கி ஓடுகிறது. நடுவானத்தில் பிறந்து மேல் விளிம்பு வரைக்கும் ஒரு வெளுத்த கோடு. எந்த ஊரில் சொட்டு மேலே போகும்?

இஸ்திரிக்குத் தண்ணீர் தெளிக்கிற பாட்டிலால் நனைத்து, பழைய வேட்டித் துணியால் தேய்த்தேன். காய்ந்த அக்ரிலிக் என்றால் காய்ந்ததுதான். பிளாஸ்டிக். அதன் மேல் மெல்லிசாக இரண்டு கிளேஸ். நேராக நின்றால் தெரியவில்லை. பக்கவாட்டில் நின்றால் தெரிகிறது. யார் பக்கவாட்டில் நின்று படம் வாங்குகிறார்கள்.

மாலை வெளிச்சத்தில் பார்த்தால் அத்திப்பட்டு தாண்டும்போது ரயிலில் தெரியுமே புகைபோக்கி, அது விடுகிற கோடு மாதிரி இருக்கிறது.

டிசம்பர் 19, வியாழன்

பொறுமை இல்லை. மப்பும் மந்தாரமுமாக இருக்கும்போது வார்னிஷ் அடிக்கக் கூடாது என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுக்கிறவளே அடித்தேன். இடது கீழ் மூலையில் வெள்ளை பூத்துவிட்டது. ஈரப்பதம் உள்ளே மாட்டிக்கொண்டால் அப்படித்தான். உட்கார்ந்து அழலாம் போல இருந்தது. அரை மணி கழித்துப் பார்த்தால், மொத்தப் படத்திலும் அந்த மூலையில்தான் உண்மையான பனி. நான் பதினொரு பூச்சில் தேடியது அங்கே தானாக வந்து உட்கார்ந்திருக்கிறது.

விட்டுவிட்டேன்.

டிசம்பர் 21, சனி

படம் ஃபிரேம் கடைக்குப் போய்விட்டது. குட்டியானையில் ஏற்றும்போது அவர்தான் ஒரு முனை பிடித்தார். "கனமே இல்லையே" என்றார். என்ன எதிர்பார்த்தார், ஏரியை நிரப்பி வைத்திருப்பேன் என்றா?

கடைக்காரர் பாயிடம் கண்ணாடிச் சண்டை. "கண்ணாடி போடலைன்னா தூசி அடையும் டீச்சர், கஸ்டமர் கேப்பாங்க." அக்ரிலிக்குக் கண்ணாடி வேண்டாம், வெயிலில் இளகி ஒட்டிக்கொள்ளும், துணியால் துடைத்தால் போதும் என்று பத்தாவது தடவை சொன்னேன். கடைசியில் சம்மதித்தார். பீடிங் மட்டும் அவர் இஷ்டம். தங்கக் கலர் வேண்டாம் என்று கெஞ்சி, தேக்கு நிறத்தில் வந்து நின்றோம்.

விலை. பன்னிரண்டு சதுர அடி, அடிக்கு 2,000. மொத்தம் 24,000. பாய்க்கு நூற்றுக்கு 25. எனக்கு 18,000. சொல்லும்போது குரல் இறங்கிவிட்டது. சதுர அடிக் கணக்கில் விற்பது மனையும் டைல்ஸும்தான். நானும்.

பள்ளியில் மாத மதிப்பூதியம் 12,500. அதையும் எழுதி வைக்கிறேன், கோபத்துக்கு.

"மார்கழியில எவனும் வாங்க மாட்டான் டீச்சர். தை பொறக்கட்டும். இன்ஷா அல்லாஹ்." என்னைவிட அவருக்குப் பஞ்சாங்கம் தெரிகிறது.

டிசம்பர் 23, திங்கள்

ஷேர் ஆட்டோவில் போகும்போது பார்த்தேன். ஷோகேஸில் நடுவில். இருக்கிறது.

எதிர்ப்பக்க வெயில் பட்டு மூலைப் பனி நன்றாகத் தெரிந்தது. கோடு தெரியவில்லை. சந்தோஷம். ஒரு ஆள் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். அதற்குள் ஆட்டோ நகர்ந்துவிட்டது. கழுத்தைத் திருப்பியதில் தோள் பிடித்துக்கொண்டது. ராத்திரி வரை அந்த ஆளைப் பற்றியே யோசனை. நீல சட்டை. வாங்குகிற ஆள் மாதிரி இருந்தார். வாங்குகிற ஆள் எப்படி இருப்பார் என்று எனக்கு என்ன தெரியும்.

டிசம்பர் 24, செவ்வாய்

லீவு. கடைப் பக்கம் போக வேலை இல்லை. ஜவ்வரிசி வாங்க தண்டையார்பேட்டை வரை போனேன். இங்கேயே கிடைக்கும்.

இருக்கிறது. அந்த நீல சட்டை, பக்கத்து செல்போன் கடை ஆளாம். டீ குடிக்க நிற்பாராம்.

டிசம்பர் 26, வியாழன்

இருக்கிறது. ஆனால் நடுவில் இல்லை. நடுவில் ஏழு குதிரை.

வாஸ்து குதிரை. ஏழும் ஒரே முகம், ஒரே பிடரி, பின்னால் சூரியன். கேன்வாஸில் பிரிண்ட் போட்டு, மேலே ஜெல் தடவி, பிரஷ் ஓட்டின மாதிரி ஏமாற்று. என் படம் ஓரத்துக்கு, சாய்பாபாவுக்கும் ஒரு அருவிக்கும் நடுவில். கடைப் பையன்தான் நகர்த்தினான். கேட்டால் சிரிக்கிறான். "குதிர வாரத்துக்கு ரெண்டு போவுது டீச்சர்."

ஏழு குதிரை என்னால் வரைய முடியாதா? கல்லூரியில் படித்தபோது எழும்பூர் மாட்டு வண்டி, குதிரை வண்டி எல்லாம் நின்ற இடத்தில் வரைந்தவள். எங்கள் சார் சொல்வார், சோழமண்டலம் ஓவியர் கிராமம் 1966-ல் ஆரம்பித்தபோது பாத்திக் துணி போட்டு விற்றுத்தான் அடுப்பு எரிந்தது, அதை ஆரம்பித்த பணிக்கர் உட்பட யாரும் அதற்கு வெட்கப்படவில்லை என்று. குதிரை வரைவதில் என்ன வெட்கம். வரையலாம். வரைய மாட்டேன். நாளை வரைவேனோ என்னவோ.

டிசம்பர் 27, வெள்ளி

போகவில்லை. வீம்பு.

தோளுக்கு ஒத்தடம். பிசியோதெரபிக்கு ஒரு தடவைக்கு 400, பன்னிரண்டு தடவையாவது வரச் சொல்கிறார்கள். படம் போனால் அதற்கு.

டிசம்பர் 29, ஞாயிறு

பைத்தியக்காரத்தனம். பழவேற்காடு போய்வந்தேன்.

விற்றுப்போகும் முன் நிறம் சரியா என்று ஒரு தடவை பார்த்துவிட வேண்டும் போல இருந்தது. சரியில்லை என்றால் என்ன செய்வேன், வார்னிஷ் அடித்தாயிற்று. இருந்தாலும். இருட்டில் கிளம்பி, பொன்னேரி வரை ரயில், அங்கிருந்து பஸ். மீஞ்சூரில் ஏறிய அம்மா என் தோளில் கூடையை இடித்தாள். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

இறங்கினதும் நேராகக் கரைக்குப் போகாமல் டச்சுக்காரர் கல்லறைக்குப் போய் நின்றேன். வாசலில் அந்த இரண்டு கல் எலும்புக்கூடுகள். 1613-ல் இங்கே கோட்டை கட்டினவர்கள். கோட்டை போய்விட்டது, எலும்புக்கூடு காவல் நிற்கிறது. ஏன் போனேன் என்று தெரியவில்லை. ஏரியைப் பார்க்கப் பயமாக இருந்தது என்று நினைக்கிறேன்.

பிறகு போனேன். பனி அப்போதுதான் கிளம்பிக்கொண்டிருந்தது. முதல் பார்வையிலேயே தெரிந்துவிட்டது, என் சாம்பல் தப்பு. நான் போட்டது குளிர்ந்த சாம்பல், நீலம் தூக்கல். இங்கே இருப்பதில் ஒரு மண் சூடு இருக்கிறது. ரா சியன்னா ஒரு துளி, நக அழுக்கு அளவு, சேர்த்திருக்க வேண்டும். தூரம் போகப் போக நீலமாகும், வெளுக்கும் என்று புத்தகத்தில் இருப்பதை அப்படியே போட்டுவிட்டேன். இங்கே தூரம் நீலமாகவில்லை. தூரம் காணாமல் போகிறது. தண்ணீர் முடிந்து வானம் எங்கே ஆரம்பிக்கிறது என்று விரல் வைத்துச் சொல்ல முடியாது. நான் ஒரு கோடு போட்டிருக்கிறேன். மெல்லிசுதான். ஆனாலும் கோடு.

பூநாரை ரொம்ப தூரத்தில், ரோஜா நிறத்தில் ஒரு கறை. அதை வரைந்திருந்தால் எப்போதோ விற்றிருக்கும். பக்கத்தில் பெண்கள் நாலு பேர், கழுத்தளவு தண்ணீரில் உட்கார்ந்து கையால் தடவி இறால் பிடித்துக்கொண்டிருந்தார்கள். பனையோலைப் பறியைப் பல்லில் கடித்தபடி. தலை மட்டும் நகர்கிறது. ஒருத்தி என்னைப் பார்த்தாள். வாயில் பறி, பேச முடியாது, புருவத்தால் என்ன என்று கேட்டாள். எனக்கும் பதில் இல்லை.

படகுக்காரரிடம் முகத்துவாரம் எப்படி என்று கேட்டேன். "மண்ணு தூந்து தூந்து போவுதும்மா. தொறந்திருந்தா, கடல் ஏறுனா உள்ள வரும், வத்துனா வெளிய போவும். அடைச்சுக்கிச்சுன்னா எங்கயும் போவாது, சும்மா கெடக்கும்." மீனும் சும்மா கிடக்குமாம், அப்புறம் இருக்காதாம்.

நெத்திலிக் கருவாடு கால் கிலோ வாங்கினேன். வீட்டில் அவரிடம் பொன்னேரி வரை ஒரு வேலை என்று சொல்லிவிட்டுப் போயிருந்தேன். கருவாட்டைப் பார்த்து ஒன்றும் கேட்கவில்லை. பொரிக்கச் சொன்னார்.

டிசம்பர் 30, திங்கள்

படத்தைத் திருப்பி வாங்கி வந்து சரிசெய்ய வேண்டும். முடிவு.

மதியம்: வேண்டாம். வார்னிஷைக் கலைத்தால் மூலைப் பனி போய்விடும்.

சாயங்காலம்: போய்ப் பார்த்தேன். இருக்கிறது. கடை பல்பு மஞ்சளில் அந்தச் சாம்பல் சூடாகத்தான் தெரிகிறது. பல்பு வெளிச்சத்திலேயே யாராவது வாங்கிவிடட்டும் கடவுளே.

ஜனவரி 1, புதன்

மகன் ஓசூரிலிருந்து பேசினான். "அம்மா, ஆன்லைன்ல போடுங்க, நான் ஃபோட்டோ எடிட் பண்ணித் தரேன்." அவன் எடிட் செய்து அனுப்பியதில் வானம் நீலமாக இருக்கிறது. பனியைத் துடைத்துவிட்டான். "கிளியரா இருந்தாதான்மா லைக் வரும்." சொட்டு ஓடிய கோடு மட்டும் அப்படியே இருக்கிறது, இன்னும் பளிச்சென்று. அவன் கண்ணில் அது படவில்லை.

கேசரியில் உப்பு விழுந்துவிட்டது.

ஜனவரி 3, வெள்ளி

இருக்கிறது.

ஒரு தம்பதி கேட்டார்களாம். பாய் சொன்னார். "எந்த ஊருன்னு கேட்டாங்க, பழவேற்காடுன்னேன். ஊட்டின்னு நெனச்சோம்னு சொல்லிட்டுப் போயிட்டாங்க." ஊட்டி என்று சொல்லியிருக்கலாம் என்று அவர் வருத்தப்படுகிறார். படகு இருக்கிறதே பாய் என்றேன். "ஊட்டியிலயும் போட் ஹவுஸ் இருக்கு டீச்சர்."

22,000-க்கு இறக்கச் சொன்னேன். நானாகவே. அவர் கேட்கக்கூட இல்லை.

ஜனவரி 5, ஞாயிறு

ஹாலில் அந்தச் சுவர் காலியாக இருப்பது கண்ணை உறுத்துகிறது. டிவி முழுசாகத் தெரிகிறது. அவர் பாதிக்கு மேல் பார்ப்பதில்லை, தூங்கிவிடுகிறார்.

டர்னர் படத்தில் ஒரு முயல் உண்டு. 1844. மழை, ரயில், தண்டவாளத்தில் ரயிலுக்கு முன்னால் ஓடுகிற முயல். இப்போது சாயம் தேய்ந்து முயல் கிட்டத்தட்ட மறைந்துவிட்டது. கல்லூரி நூலகத்துப் புத்தகத்தில் பூதக்கண்ணாடி வைத்துத் தேடினோம். நான் கண்டுபிடித்ததாகப் பொய் சொன்னேன். டர்னர் வேண்டுமென்று வைத்தது மறைகிறது. நான் வேண்டாம் என்று மறைத்தது தெரிகிறது.

ஜனவரி 7, செவ்வாய்

இருக்கிறது. மேலே தூசி. நானே முந்தானையால் துடைத்தேன்.

பாய் சாதாரணமாகச் சொன்னார்: "சாரும் தெனம் வந்து பாத்துட்டுத்தான் போறாரு. காலைல பேப்பர் வாங்க வரப்போ." எங்கள் தெரு முனையிலேயே பேப்பர் கடை. அங்கிருந்து பாய் கடைக்கு இரண்டு கிலோமீட்டர்.

வீட்டுக்கு வந்து ஒன்றும் கேட்கவில்லை. ராத்திரி தோசைக்கு இரண்டு சட்னி வைத்தேன். "என்ன விசேஷம்" என்றார். ஒன்றுமில்லை என்றேன்.

ஜனவரி 8, புதன்

காலையில் அவர் போய் வந்த பிறகு முகத்தைப் பார்த்தேன். இருக்கிறது என்று தெரிந்துவிட்டது. நான் போகவில்லை. ஒரு ஆட்டோ காசு மிச்சம்.

ஜனவரி 10, வெள்ளி

வைகுண்ட ஏகாதசி. விரதம் இருக்கலாம் என்று நினைத்து, பதினோரு மணிக்கு உப்புமா.

போய்விட்டது. அதாவது போகவில்லை, முன்பணம் வந்துவிட்டது. மாதவரம் பக்கம் ஒருத்தருக்குப் புது ஃபிளாட், தையில் கிரகப்பிரவேசம். 21,000-க்குப் பேசி, ஆயிரம் கொடுத்திருக்கிறார். ஃபோனில் பாய் சொல்லும்போது அடுப்பில் பால். பொங்கி வழிந்தது. நல்ல சகுனமா பால் வீணா?

கடைக்கு ஓடினேன். எப்போதோ கேலரியில் சிவப்புப் புள்ளி ஒட்டுவார்கள் என்று சொல்லியிருந்தேன், பையன் ஃபேன்சி ஸ்டோரில் ஸ்டிக்கர் பொட்டு வாங்கி வந்து சட்டத்தில் ஒட்டியிருக்கிறான். பெரிய சைஸ். படத்துக்குக் கல்யாணக் களை.

அப்புறம் பாய் சொன்னது: வாங்கினவர் வெகுநேரம் நின்றாராம். பனியைப் பற்றியோ நிறத்தைப் பற்றியோ ஒன்றும் கேட்கவில்லை. ஒரே கேள்வி, "தண்ணி எந்தப் பக்கம் ஓடுது? வீட்டுக்குள்ள வர்ற மாதிரி இருக்கணும். வெளிய போனா காசு நிக்காது." வடக்குச் சுவரில் மாட்டப் போகிறாராம். பாய் ஒரு நொடி யோசிக்காமல், "உள்ளதான் வருது சார், பாருங்க படகு மூக்கு" என்றிருக்கிறார்.

முதலில் கோபம். அப்புறம் சிரிப்பு அடக்க முடியவில்லை. படகு கட்டிப் போட்டிருக்கிறது பாய், கயிறு வரைந்திருக்கிறேன். "கயிறு பனியில தெரியல டீச்சர், நல்லதுதான்."

வீட்டில் அவருக்கு நான் சொல்லவில்லை. நாளைக் காலை பொட்டைப் பார்த்துத் தெரிந்துகொள்ளட்டும்.

ஜனவரி 11, சனி

எட்டரைக்கு வந்தார். பேப்பரை வைத்தார். "ஒரு காபி போடேன்" என்றார். அவ்வளவுதான். குளிக்கும்போது பாட்டு கேட்டது.

எனக்கு ஏனோ காலையிலிருந்து எரிச்சல். 24 என்று நின்றிருக்கலாம். தை வரை பொறுத்திருக்கலாம். கொடுக்க மாட்டேன் என்று சொல்லியிருக்கலாம்.

ஜனவரி 13, திங்கள்

போகி. ஐந்து மணிக்கே தெரு முழுக்க புகை. எதிர் வீட்டு மாடிப்படி இல்லை. விளக்குக் கம்பம் பாதி. ஜன்னலைச் சாத்து என்று அவர் இருமுகிறார், நான் திறந்து வைத்து நிற்கிறேன். அந்தச் சாம்பல். மண் சூடு உள்ள அந்தச் சாம்பல், என் ஜன்னலுக்கு வெளியே, டயர் நாற்றத்தோடு.

பழைய தட்டில் ஓடிப்போய்க் கலந்தேன். அல்ட்ராமரைன், அம்பர், வெள்ளை, ஒரு துளி சியன்னா. ஈரத்தில் சரியாக இருந்தது. காய்ந்ததும் இருண்டது. அதனால் இன்னும் ஒரு படி வெளுக்கக் கலந்து, அதையும் காய வைத்து, ஜன்னலோரம் பிடித்துப் பார்த்தால், கிட்டே வந்துவிட்டது. ரொம்பக் கிட்டே. அட்டையில் ஒட்டி அளவு எழுதி வைத்தேன். கண் எரிகிறது.

படுக்கிற பழைய பாயை எரித்தோம். ஓட்டை விழுந்த கேன்வாஸ் ஒன்றையும் போடச் சொன்னார். போடவில்லை.

ஜனவரி 14, செவ்வாய்

பொங்கல். இடது கையால்தான் கிளறினேன். அடி பிடித்தது.

மகன் வந்திருக்கிறான். படம் எங்கே என்றான். வித்தாச்சு என்று அவர்தான் சொன்னார், எனக்கு முன்னால்.

ஜனவரி 16, வியாழன்

காணும் பொங்கல். எல்லோரும் மெரினாவுக்கு. நாங்கள் வீட்டில். படத்தை நேற்றே எடுத்துக்கொண்டு போய்விட்டார்களாம். போய்ச் சேரும் வழியில் எதுவும் இடிக்காமல் இருக்க வேண்டும். முகத்துக்கு முகம் வைத்து வேறு படத்தோடு கட்டக் கூடாது, ஒட்டிக்கொள்ளும் என்று சொல்ல மறந்துவிட்டேன்.

ஜனவரி 18, சனி

வழக்கம்போல் ஆட்டோவில் கழுத்து திரும்பியது. அந்த இடத்தில் அருவி. குதிரை நடுவில்.

பாய் கவர் கொடுத்தார். 15,750 வர வேண்டும். எண்ணினால் 15,500. சில்லறை அப்புறம் என்றார். சரி என்றேன். பிசியோவுக்கு 4,800 எடுத்து வைத்தாயிற்று. ஒரு கேன்வாஸ், டைட்டானியம் வெள்ளை பெரிய குழாய் இரண்டு, சியன்னா ஒன்று. மீதி அரிசி டப்பாவில்.

ஜனவரி 21, செவ்வாய்

பள்ளிக்குக் கிளம்பும்போது பாய் ஃபோன். வாங்கினவர் கூப்பிட்டாராம். எனக்கு வயிறு கலங்கியது. மாட்டி வைத்துப் பார்த்ததில், பக்கவாட்டில் சோபாவில் உட்கார்ந்தால் வானத்தில் ஒரு கோடு தெரிகிறதாம். மேலே போகிறதாம். குறை சொல்லவில்லை, என்னவென்று தெரிந்துகொள்ளத்தான் கேட்கிறாராம். வருகிறவர்களெல்லாம் கேட்கிறார்களாம்.

"என்ன சொல்லட்டும் டீச்சர்?"

பஸ் வேறு வந்துகொண்டிருந்தது. "மழைன்னு சொல்லுங்க பாய். தூரத்துல பெய்யுற மழை."

"மழ நல்லது," என்றார். "வாஸ்துக்கும் நல்லதுதான்."

நாள் முழுக்க உறுத்தல். புகை என்று சொல்லியிருக்கலாம். டீச்சருக்குத் தோள் வலி, அதனால் படத்தைத் தலைகீழாக வைத்தாள், அதனால் சொட்டு ஓடியது என்று சொல்லியிருக்கலாம். 21,000 கொடுத்தவருக்கு அதையாவது சொல்லியிருக்கலாம். 250 பாக்கியும் கேட்க மறந்துவிட்டேன்.

புது கேன்வாஸுக்கு ஜெஸோ ஒரு பூச்சு. அவர் டிவியைத் தானே ஒரு சாண் நகர்த்தி வைத்திருக்கிறார்.

மாவு புளிக்கவில்லை. காலையில் உப்புமாதான்.